மனித உரிமையும் சுற்றுச்சூழல் பாதுகாப்பும்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நலமான சுற்றுச்சூழலில் வாழ்வது மனித உரிமை என்பதை இந்திய உச்ச நீதிமன்றமும் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையும் ஏற்றுள்ளன. எனினும், அவ்வுரிமை ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதியில் எவ்வாறு பயன்பாட்டுக்கு வருகிறது என்பது தனியே ஆராயத்தக்கது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடத்தையும் அதனை அடுத்துள்ள பரந்தூர் விமான நிலையத் திட்டப் பகுதியையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை அதனை ஆராய்கிறது. நிலம், சுற்றுச்சூழல், தொழிலாளர் நலன் ஆகியவற்றுக்கான சட்டங்கள் ஒரே வாழிடத்தைத் தனித்தனிக் கூறுகளாகப் பிரித்துக் கையாளுகின்றன. இப்பிரிவினையில் நழுவிப்போவது, முடிவு எடுக்கப்படுவதற்கு முன்னரே அறியவும் கருத்துரைக்கவும் மக்களுக்குள்ள நடைமுறை உரிமை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மனித உரிமை, சுற்றுச்சூழல் உரிமை, நடைமுறை உரிமை, ஏரித் தொடர், நிலமெடுப்பு, கிராம சபை, பரந்தூர், திருப்பெரும்புதூர், ஒரகடம்.

முன்னுரை

1948ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தில் சுற்றுச்சூழல் தனி உரிமையாக இடம்பெறவில்லை. உயிர், உடைமை, கருத்து, வழிபாடு, வேலை ஆகியவற்றைப் பேசிய அக்காலச் சிந்தனை, இவற்றுக்கெல்லாம் அடிப்படையான நீரையும் காற்றையும் என்றும் குறையாத பொருள்களாகவே கருதியது. அக்கருத்து மாறத் தொடங்கியதன் அடையாளம் 1972இல் ஸ்டாக்ஹோமில் நடைபெற்ற ஐக்கிய நாடுகள் மாநாடு ஆகும். அதன் முதல் கொள்கையே மனிதனின் கண்ணியமான வாழ்வையும் அவன் வாழும் சூழலின் தரத்தையும் ஒன்றோடொன்று இணைத்தது. அதன்பின் ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலை 28 அன்று, தூய்மையான, நலமான, நீடித்த சுற்றுச்சூழலைப் பெறுவது மனித உரிமை என்னும் தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை நிறைவேற்றியது. 161 நாடுகள் அதனை ஆதரித்தன. எதிர்த்து ஒரு நாடும் வாக்களிக்கவில்லை.

ஆகவே, இவ்வுரிமை உண்டா இல்லையா என்பது இன்று பெரிய வினா அன்று. அதனை யார், எந்தக் கட்டத்தில், எந்த அலுவலகத்தின் முன் கோர இயலும் என்பதே வினா. வேகமாகத் தொழில்மயமாகும் நிலப்பகுதி ஒன்றில் இவ்வினா மிகக் கூர்மையாக எழுகிறது. அதற்குரிய களமாகத் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடம் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இந்திய அரசமைப்பில் சுற்றுச்சூழல் உரிமை

இந்திய அரசமைப்பில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தின் வழியே நேரடியாக இடம்பெற்றது. சுற்றுச்சூழலைப் பாதுகாத்து மேம்படுத்துவதை உறுப்பு 48அ அரசின் நெறிமுறைக் கோட்பாடாக்கியது. உறுப்பு 51அ குடிமக்களின் அடிப்படைக் கடமையாக்கியது. இவ்விரண்டும் நேரடியாக நீதிமன்றத்தில் வலியுறுத்தத்தக்க உரிமைகள் அல்ல. அந்த இடைவெளியை நிரப்பியது உச்ச நீதிமன்றம். உயிர் வாழும் உரிமையைக் கூறும் உறுப்பு 21, மாசற்ற நீரையும் காற்றையும் துய்க்கும் உரிமையையும் உள்ளடக்கும் என்று சுபாஷ் குமார் வழக்கில் (1991) அது விளக்கம் அளித்தது. குளங்களும் ஏரிகளும் சமுதாயத்தின் பொதுச்செல்வம், அவற்றைப் பேணுவது உறுப்பு 21 உறுதிசெய்யும் வாழ்வின் பகுதி என்று ஹின்ச் லால் திவாரி வழக்கில் (2001) கூறியது. 2024 மார்ச்சில் எம்.கே. ரஞ்சித்சிங் வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமை உறுப்புகள் 14, 21 ஆகியவற்றிலிருந்து பெறப்படுவதாக ஏற்றுக்கொண்டது.

இத்தீர்ப்புகள் உரிமையின் உள்ளடக்கத்தை வரையறுக்கின்றன. ஆனால், உள்ளடக்க உரிமை தனித்து இயங்குவதில்லை. தகவல் பெறுதல், முடிவெடுப்பதில் பங்கேற்றல், பாதிப்பு நேர்ந்தால் தீர்வு நாடுதல் ஆகிய மூன்று நடைமுறை உரிமைகளே அதற்குக் கையும் காலும் ஆகின்றன. நீர் தூய்மையாக இருக்கவேண்டும் என்ற உரிமை ஒருவருக்கு இருந்தும், அந்த நீர்நிலையில் என்ன கட்டப்படுகிறது என்பதை அறியும் வழி அவருக்கு இல்லையெனில், நீர் கெட்ட பிறகே அவ்வுரிமையை அவர் பயன்படுத்த முடியும்.

ஏரிகளின் நிலமும் தொழில் வழித்தடமும்

பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரி மாவட்டம் என்றே அழைக்கப்பட்டது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லாத இச்சமவெளியில், வடகிழக்குப் பருவமழையைத் தேக்கிவைக்கும் ஏரிகளே வேளாண்மைக்கும் குடிநீருக்கும் ஆதாரம். இவை தனித்தனி நீர்நிலைகள் அல்ல. மேலேரி நிறைந்தால் அதன் கலங்கல் வழியே வழியும் நீர், வரத்துக்கால் மூலம் அடுத்த ஏரியைச் சேரும். பாலாற்று நீரைப் பல ஏரிகளுக்குப் பகிர்ந்து திருப்பெரும்புதூர் ஏரிக்குக் கொண்டுவரும் கம்பன் கால்வாய் இத்தொடரின் முதுகெலும்பு போன்றது. திருப்பெரும்புதூர் ஏரியின் உபரிநீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சேர்கிறது. செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றின் வழியே சென்னையைக் கடந்து கடலில் கலக்கிறது. அடையாற்றின் தோற்றுவாயாகச் சொல்லப்படும் மலைப்பட்டு ஏரியும் திருப்பெரும்புதூர் வட்டாரத்தைச் சார்ந்ததே.

இந்நிலப்பகுதியில்தான் தமிழ்நாட்டின் மிகப்பெரிய உற்பத்தித் தொழில் தொகுதி உருவாயிற்று. 1996இல் நிறுவப்பட்ட ஹூண்டாய் இந்திய நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்து 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. திருப்பெரும்புதூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் நோக்கியா ஆலை 2006இல் இயங்கத் தொடங்கி 2014இல் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ – நிசான் கூட்டு ஆலை 2010இலும், டைம்லர் கனரக வாகன ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013இலும் செயல்பாட்டுக்கு வந்தன. சிப்காட் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் ஆகிய இடங்களில் தொழிற்பூங்காக்களை அமைத்தது. கிராமப்புற இளைஞர்களுக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும், இவை அளித்த வேலைவாய்ப்பு புறக்கணிக்கத்தக்கதன்று.

ஆயினும், ஏரித் தொடரின் இயல்பை இங்குக் கருத்தில் கொள்ளவேண்டும். ஏரியின் நீர்ப்பரப்பை விட்டுவிட்டு அதன் வரத்துக்காலை அடைத்தாலும், மழைநீர் வழிந்தோடிவரும் மேய்க்கால் புறம்போக்கில் தரைத்தளம் போட்டாலும் ஏரி பாதிக்கப்படும். வருவாய்ப் பதிவேட்டில் ஏரி ஏரியாகவே இருக்கும். அதற்கு வரவேண்டிய நீர் வராது, அல்லது ஒரேயடியாக வந்து கரையை உடைக்கும். 2015 டிசம்பர் முதல் நாட்களில் செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கனஅடி நீர் திறக்கப்பட்டு அடையாற்றின் இரு கரைகளும் மூழ்கிய நிகழ்வு, மேற்பகுதி ஏரிகளின் நலனும் கீழ்ப்பகுதி நகரத்தவரின் உயிரும் ஒரே நீரோட்டத்தால் இணைந்தவை என்பதை உணர்த்திற்று. எனவே, திருப்பெரும்புதூர் ஏரித் தொடரில் உரிமையுடையோர் அவ்வூர் உழவர்கள் மட்டும் அல்லர். சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் ஆற்றோரம் வாழ்வோரும் ஆவர்.

நிலமெடுப்பு: இழப்பீடும் இசைவும்

ஓர் ஊரின் சூழல் மாறுவது ஆலையின் புகைபோக்கியில் தொடங்குவதில்லை. நில உரிமை கைமாறும் நாளில் தொடங்குகிறது. 2013ஆம் ஆண்டின் மத்திய நிலமெடுப்புச் சட்டம் இதனை உணர்ந்து இயற்றப்பட்டது. நிலம் எடுப்பதற்கு முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்யப்படவேண்டும். தனியார் நிறுவனங்களுக்கெனில் பாதிக்கப்படும் குடும்பங்களுள் 80 விழுக்காட்டினரின் இசைவும், அரசு – தனியார் கூட்டுத் திட்டங்களுக்கெனில் 70 விழுக்காட்டினரின் இசைவும் தேவை. பலபோகம் விளையும் பாசன நிலம் இயன்றவரை தவிர்க்கப்படவேண்டும் என்று அச்சட்டம் வகுத்தது.

தொழில் நோக்கத்துக்கான நிலமெடுப்பில் தமிழ்நாடு வேறு வழியைப் பின்பற்றியது. 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலமெடுப்புச் சட்டம் உள்ளிட்ட மூன்று மாநிலச் சட்டங்களுக்கு மத்தியச் சட்டத்திலிருந்து விலக்களிக்கும் வகையில் பிரிவு 105அ சேர்க்கப்பட்டது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இவ்விலக்கு செல்லாது என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டே தமிழ்நாடு சட்டமன்றம் மீட்புச் சட்டம் ஒன்றை இயற்றி அவற்றுக்கு மீண்டும் உயிரூட்டியது. ஜி. மோகன் ராவ் வழக்கில் 2021 ஜூனில் உச்ச நீதிமன்றம் அம்மீட்புச் சட்டத்தை ஏற்றது.

இதன் விளைவு நுட்பமானது. மத்தியச் சட்டத்தின் இழப்பீடு, மறுவாழ்வு, மறுகுடியமர்வு தொடர்பான அட்டவணைகள் மாநில நிலமெடுப்புக்கும் பொருந்துகின்றன. பொருந்தாமல் போவன சமூகத் தாக்க மதிப்பீடும் முன்இசைவும் ஆகும். அதாவது, நிலத்தின் விலை கிடைக்கும். நிலத்தைப் பற்றிய முடிவில் பங்கு கிடைக்காது. இழப்பீட்டைப் பெறுபவர் பட்டாதாரர். பட்டா இல்லாத வேளாண் கூலித் தொழிலாளர், குத்தகைதாரர், மேய்க்காலில் ஆடுமாடு மேய்ப்போர், ஏரியில் மீன்பிடிப்போர் ஆகியோரின் வாழ்வாதார இழப்பை முன்கூட்டி வெளிப்படுத்தக்கூடிய கருவி சமூகத் தாக்க மதிப்பீடு ஒன்றே. ஊரின் மிக எளிய மக்கள் அதன் நீக்கத்தால் கணக்கிலிருந்து விடுபடுகின்றனர்.

2023 ஏப்ரலில் நிறைவேறிய தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டமும் இவ்விடத்தில் கருதத்தக்கது. 100 ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் அமையும் திட்டத்துக்குள் நீர்நிலையோ ஓடையோ வாய்க்காலோ இருப்பின், அதனைச் சிறப்புத் திட்டமாக அறிவித்து நிலங்களை ஒருங்கிணைக்க இச்சட்டம் வழிசெய்கிறது. நீர்க்கொள்ளளவு குறையக்கூடாது என்ற நிபந்தனை அதில் உண்டு. ஆனால், ஏரி என்பது கொள்ளளவு மட்டும் அன்று. மதகும் ஆயக்கட்டும் கலங்கலும் சேர்ந்த ஓர் ஒழுங்கு. வேறிடத்தில் அதே அளவு நீரைத் தேக்கினாலும் அந்த மதகை நம்பிய நஞ்சைக்கு அது பாயாது.

அதே 2023 ஏப்ரலில், ஆலைகளில் 12 மணிநேர வேலையை அனுமதிக்க வகைசெய்யும் தொழிற்சாலைகள் திருத்த முன்வரைவும் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் கடும் எதிர்ப்பைத் தொடர்ந்து சில நாட்களிலேயே அரசு அதனைத் திரும்பப் பெற்றது. நில ஒருங்கிணைப்புச் சட்டம் உழவர் அமைப்புகளின் எதிர்ப்பைக் கடந்து நிலைத்தது. மக்களின் உரிமையைத் தொட்ட இவ்விரு சட்டங்களும் அடைந்த வெவ்வேறு முடிவுகள், உரிமையின் வலிமை அதனைக் கோருவோரின் அமைப்பு வலிமையையும் சார்ந்துள்ளது என்பதற்குச் சான்றாகின்றன.

சுற்றுச்சூழல் அனுமதி: கருத்துக்கேட்பின் எல்லை

1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2006இல் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, திட்டங்களைப் பற்றிப் பொதுமக்களின் கருத்தைக் கேட்பதைக் கட்டாயமாக்கியது. அதே அறிவிக்கை சில விலக்குகளையும் தந்தது. ஒப்புதல் பெற்ற தொழிற்பேட்டை அல்லது தொழிற்பூங்காவுக்குள், அங்கு அனுமதிக்கப்பட்ட வகையைச் சேர்ந்த திட்டங்கள் அமையுமாயின், அவற்றுக்குத் தனியே மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை. பேட்டைக்கே ஒருமுறை ஆய்வு நடந்திருக்கும், ஆலைதோறும் அதனை மீண்டும் நடத்துவது தேவையற்றது என்பது இதன் அடிப்படை.

இவ்வாதம் ஓரளவு பொருத்தமானதே. ஆயினும், இருபது முப்பது ஆண்டுகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் பேட்டைகள் விரியும் வழித்தடத்தில் இரு குறைகள் வெளிப்படுகின்றன. முதலாவது, ஒவ்வொரு பேட்டையும் தனித்து மதிப்பிடப்படுகிறது. ஒரே ஏரித் தொடரின்மீது அவை அனைத்தும் சேர்ந்து ஏற்படுத்தும் கூட்டுத் தாக்கம் எந்தக் கூட்டத்திலும் பேசுபொருள் ஆவதில்லை. இரண்டாவது, ஆலைகள் இயங்குவதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நீர்ச்சட்டம் (1974), காற்றுச்சட்டம் (1981) ஆகியவற்றின்கீழ் இசைவாணை வழங்கும் நடைமுறை, ஊர்மக்களைக் கேட்கும் நடைமுறை அன்று. ஆகவே, பேட்டைக்கு வெளியே உள்ள ஊரார், உள்ளே என்ன ஆலை வருகிறது என்பதை அதன் பெயர்ப்பலகையைப் பார்த்தே அறிய நேர்கிறது.

மொழியும் இங்கு ஓர் உரிமைச் சிக்கலாகிறது. 2006 அறிவிக்கை தாக்க மதிப்பீட்டின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் தரக் கோருகிறது. முழு அறிக்கையைக் கோரவில்லை. நீரியல் வரைபடங்களும் நிலத்தடி நீர்க் கணக்குகளும் முழு அறிக்கையிலேயே இருக்கும். இந்த அறிவிக்கைக்கு மாற்றாக 2020இல் வெளியிடப்பட்ட வரைவைப் பல இந்திய மொழிகளிலும் வெளியிடுமாறு டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது, மொழிபெயர்ப்பும் பங்கேற்பு உரிமையின் பகுதியே என்பதை உணர்த்தும் நிகழ்வாகும்.

பரந்தூரும் ஏகனாபுரமும்

மேற்கூறிய சிக்கல்கள் அனைத்தும் ஒரே இடத்தில் கூடிநிற்கும் சான்று பரந்தூர் விமான நிலையத் திட்டம். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்ந்தெடுக்கப்பட்டது 2022 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. காஞ்சிபுரம், திருப்பெரும்புதூர் வட்டங்களைச் சேர்ந்த 13 ஊர்களில் ஏறத்தாழ 5,746 ஏக்கர் நிலம் இதற்குத் தேவைப்படுகிறது. இதில் ஏறத்தாழ 3,774 ஏக்கர் பட்டா நிலம். எஞ்சியது அரசுப் புறம்போக்கு. அப்புறம்போக்கில் ஏரிகளும் வாய்க்கால்களும் அடங்கும். திருப்பெரும்புதூர் ஏரிக்கு நீர் கொணரும் கம்பன் கால்வாயின் ஒரு பகுதியும் திட்டப் பரப்புக்குள் அமைகிறது. ஊரின் குடியிருப்பையே முழுமையாக இழக்கும் நிலையிலுள்ள ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் தொடர்ந்து போராடி வருவதோடு, கிராம சபைக் கூட்டங்களில் திட்டத்துக்கு எதிராக மீண்டும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றியும் வருகின்றனர்.

அரசுத் தரப்பின் வாதமும் எடைபோடத்தக்கது. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் விரிவாக்கத்துக்கு எல்லை உண்டு. தொழில் வளர்ச்சிக்குப் புதிய விமான நிலையம் தேவை. நீர்நிலைகள் குறித்து ஆராய ஓய்வுபெற்ற இந்திய ஆட்சிப்பணி அலுவலர் மச்சேந்திரநாதன் தலைமையில் குழுவும் அமைக்கப்பட்டது. விமான நிலையம் தொழிற்பேட்டை போன்றதன்று. 2006 அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக்கேட்பு அதற்குக் கட்டாயம். ஆனால், 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழான நிலமெடுப்பு அறிவிப்புகள் 2024ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே, கருத்துக்கேட்புக்கு முன்னதாகவே, வெளிவரத் தொடங்கின. நிலம் எடுக்கப்பட்டுக்கொண்டிருக்கும்போது கேட்கப்படும் கருத்து, திட்டம் வேண்டுமா என்பதைப் பற்றியதாக இருக்க இயலாது. எப்படி என்பதைப் பற்றியதாகவே சுருங்கும். உரிமை நோக்கில் வரிசையே இங்கு முதன்மையான சிக்கல்.

கிராம சபைத் தீர்மானத்தின் சட்ட நிலையும் சிந்திக்கத்தக்கது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் குறித்து முடிவெடுக்கும் பொறுப்பை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் கிராம சபைகளிடம் விட்டது. அவ்வாண்டே கூடிய 12 கிராம சபைகளும் சுரங்கத்தை மறுத்தன; திட்டம் கைவிடப்பட்டது. அத்தீர்ப்புக்கு அடிப்படை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். ஏகனாபுரம் வனமும் அன்று, பட்டியல் பகுதியும் அன்று. எனவே, ஒரே அரசமைப்பின்கீழ் இயங்கும் இரு கிராம சபைகளுள் ஒன்றின் ‘வேண்டாம்’ திட்டத்தை நிறுத்துகிறது. மற்றொன்றின் ‘வேண்டாம்’ கோப்பில் சேர்கிறது. உறுப்பு 21 இரு ஊராருக்கும் பொதுவானதாயிருக்க, பங்கேற்பு உரிமை நிலவகையைப் பொறுத்து மாறுபடுவது மனித உரிமைக் கோட்பாட்டோடு பொருந்துவதன்று.

வளர்ச்சியும் ஓர் உரிமை என்பதால் இம்முரண் தவிர்க்க இயலாதது எனச் சிலர் கருதக்கூடும். 1986ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் வளர்ச்சி உரிமைப் பிரகடனமோ, மக்களின் செயலூக்கமுள்ள, தடையற்ற, பொருளுள்ள பங்கேற்பையே வளர்ச்சியின் இலக்கணமாகக் கொள்கிறது. பங்கேற்பற்ற வளர்ச்சி அப்பிரகடனத்தின்படியே உரிமை ஆகாது.

தொழிலாளர் வாழிடம்

சுற்றுச்சூழல் உரிமை என்றவுடன் உழவரையும் மீனவரையும் எண்ணுவது வழக்கம். இவ்வழித்தடத்தில் அவர்களுக்கு இணையான எண்ணிக்கையில் வாழும் மற்றொரு மக்கள் பிரிவு, விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் தொழிலாளர்கள். 2021 டிசம்பரில் திருப்பெரும்புதூரை அடுத்த ஃபாக்ஸ்கான் ஆலையில் பணியாற்றிய பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் பணிபுரிந்த பெண்கள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரநிலைக்கு ஏற்றவையாக இல்லை என்பதை ஆப்பிள் நிறுவனமும் ஒப்புக்கொண்டது.

இந்நிகழ்வு தொழிலாளர் சிக்கலாக மட்டுமே பதிவாயிற்று. குடிநீர், கழிவுநீர், காற்றோட்டம், உணவுத் தூய்மை ஆகியவை சுற்றுச்சூழலின் கூறுகளே. ஆலைக்குள் குடிநீரும் தூய்மையும் எவ்வாறு இருக்கவேண்டும் என்பதை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விரிவாக வகுத்தது. அதன் பார்வை ஆலையின் வாயிலோடு நின்றது. வாயிலுக்கு வெளியே, பணிநேரம் முடிந்து தொழிலாளி திரும்பும் அறை வேறு சட்டத்தின், வேறு துறையின் பொறுப்பு. பல்லாயிரம் பேர் குடியேறும்போது அவர்களின் நீர்த்தேவையும் கழிவுநீரும் அதே ஏரிகளையும் நிலத்தடி நீரையுமே சாரும் என்பது ஆலையின் தாக்க மதிப்பீட்டுக்குள் வருவதில்லை.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பேர் தங்கக்கூடிய விடுதி வளாகம் ரூ.706.50 கோடியில் கட்டித் திறக்கப்பட்டது. வாழிடமும் தொழில் உள்கட்டமைப்பின் பகுதியே என்பதை அரசு ஏற்றதன் அடையாளம் இது. இவ்வேற்பு, திட்டமிடும் கட்டத்திலேயே தொழிலாளரின் வாழிடத்தைத் தாக்க மதிப்பீட்டில் சேர்ப்பதாக வளரவேண்டும்.

தீர்வு நாடும் உரிமை

பாதிப்பு நேர்ந்தபின் தீர்வு தேடலாம் என்பதால் முன்கூட்டிய பங்கேற்பு அத்துணை இன்றியமையாததன்று என்ற எண்ணம் நிர்வாகத்தில் நிலவுகிறது. இதே நிலப்பகுதிக்கு நீர் தரும் பாலாற்றின் வரலாறு இதற்கு மறுமொழி தருகிறது. வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாறு கெட்டது குறித்த வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் மாசுபடுத்துவோரே ஈடுசெய்யும் கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என அறிவித்தது. உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. ஆயினும், அதே பாலாற்றின் மாசு குறித்து 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மீண்டும் இழப்பீடும் சீரமைப்பும் ஆணையிட வேண்டியிருந்தது. இடையில் கடந்தவை ஏறத்தாழ 28 ஆண்டுகள். ஒரு தலைமுறையின் விளைநிலமும் கிணறும் அக்காலத்துக்குள் அடங்கும்.

தீர்வு நாடும் மன்றங்களும் பிரிந்து கிடக்கின்றன. 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், நீர், காற்று, வனம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு, பல்லுயிர் முதலிய குறிப்பிட்ட சட்டங்கள் சார்ந்த வழக்குகளையே விசாரிக்கும். நிலமெடுப்புச் சட்டம் அப்பட்டியலில் இல்லை. நிலத்தை இழப்பவர் உயர் நீதிமன்றத்தையும், ஏரி மாசுபட்டவர் தீர்ப்பாயத்தையும், விடுதியில் நோயுற்றவர் தொழிலாளர் துறையையும் நாடவேண்டும். இம்மூவரும் ஒரே குடும்பத்தினராக இருக்க வாய்ப்புண்டு: தந்தையின் நஞ்சை எடுக்கப்படுகிறது, தாய் நம்பியிருந்த ஏரி வற்றுகிறது, மகள் பேட்டையில் பணிக்குச் செல்கிறாள். சட்டத்தின் கண்ணில் இவை தொடர்பற்ற மூன்று கோப்புகள்.

எதிர்ப்புத் தெரிவிக்கும் உரிமையும் தீர்வு நாடும் உரிமையின் உறுப்பே. திருவண்ணாமலை மாவட்டம் மேல்மாவில் செய்யாறு சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்துப் போராடிய உழவர்களுள் ஏழு பேர்மீது 2023 நவம்பரில் குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. பரவலான கண்டனத்துக்குப்பின் சில நாட்களில் ஆறு பேர்மீதான ஆணை திரும்பப் பெறப்பட்டது. கருத்துக்கேட்பு இல்லாத இடத்தில் சாலையே கருத்துக்கூறும் இடமாகிறது; அங்கு உரிமைச் சிக்கல் சட்டம் ஒழுங்குச் சிக்கலாக உருமாற்றப்படுகிறது.

ஏரி வாரியமும் கிராம சபையும்

நீர்நிலையை ஊரே முடிவெடுத்துப் பேணும் மரபு இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. அவ்வாரியம் நிலமும் கல்வியும் உடைய பிராமண ஆடவர்க்கே உரியதாயிருந்தது. அதனை இன்றைய மக்களாட்சியின் முன்மாதிரி எனப் புகழ்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயினும், ஏரிக்கென்றே பொறுப்பேற்ற ஓர் அமைப்பு ஊருக்குள் இருக்கவேண்டும் என்ற நிர்வாக அறிவு அதில் உண்டு.

அந்த அறிவை அனைவருக்கும் உரியதாக விரிக்கும் வாய்ப்பை 1992ஆம் ஆண்டின் 73ஆம் அரசமைப்புத் திருத்தம் தந்தது. வாக்காளர் அனைவரும் உறுப்பினராகும் கிராம சபையை அது நிறுவியது. சிறுபாசனத்தையும் நீர் மேலாண்மையையும் பதினொன்றாம் அட்டவணையில் சேர்த்தது. தமிழ்நாட்டில் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 உள்ளிட்ட ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஆயினும், ஊரின் ஏரியைப் பற்றிய பெருமுடிவுகள் அச்சபைக்கு வெளியிலேயே எடுக்கப்படுகின்றன.

முடிவுரை

திருப்பெரும்புதூர் – ஒரகடம் வழித்தடத்தில் சுற்றுச்சூழல் பாதுகாப்பும் மனித உரிமையும் சந்திக்கும் இடம், முடிவெடுக்கும் நடைமுறை என்பது மேற்கண்ட ஆய்வால் புலனாகிறது. நிலமெடுப்பில் இழப்பீடு உண்டு, முன்இசைவு இல்லை. தொழிற்பூங்காவில் அனுமதி உண்டு, கருத்துக்கேட்பு இல்லை. கிராம சபையில் தீர்மானம் உண்டு, அதற்கு மறுமொழி கூறும் கடமை அரசுக்கு இல்லை. ஒவ்வொரு விலக்கும் தனித்துப் பார்க்கும்போது நிர்வாக வசதியாகத் தோன்றும். ஒரே ஏரித் தொடரின்மீது அவை ஒன்றுசேரும்போது உரிமை இழப்பாகின்றன.

இதிலிருந்து நான்கு பரிந்துரைகள் பெறப்படுகின்றன. முதலாவது, நிலமெடுப்பு அறிவிப்புக்கு முன்னரே, ஏரித் தொடர் முழுமைக்குமான கூட்டுத் தாக்க ஆய்வு நடத்தப்பட்டு, முழு அறிக்கையும் தமிழில் வெளியிடப்படவேண்டும். இரண்டாவது, கிராம சபைத் தீர்மானத்துக்குக் காரணங்களுடன் கூடிய எழுத்துவழி மறுமொழியை உரிய காலத்துக்குள் தரும் சட்டக் கடமை வேண்டும். மூன்றாவது, தொழிற்பூங்காக்களுக்கான கருத்துக்கேட்பு ஒருமுறையோடு முடியாமல், விரிவாக்கம்தோறும் பூங்கா அளவில் மீண்டும் நடைபெறவேண்டும். நான்காவது, தொழிலாளர் குடியிருப்பின் நீரும் கழிவுநீரும் தாக்க மதிப்பீட்டின் கட்டாயக் கூறுகளாகவேண்டும்.

இவற்றுள் எதுவும் தொழில் வளர்ச்சிக்குத் தடையன்று. தொடக்கத்திலேயே கேட்கப்பட்ட மறுப்பைத் திட்ட வரைபடத்தில் சரிசெய்ய இயலும். கால்வாய் மூடப்பட்டபின் எழும் மறுப்பை எந்தத் தீர்ப்பாலும் முழுமையாகச் சரிசெய்ய இயலாது. பரந்தூரில் அதற்கான காலம் இன்னும் முற்றிலும் கடந்துவிடவில்லை.